கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை மங்கினால்: நாள் கணக்கை வைத்துக் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. வலது கண்ணில் புரை எடுத்து வீடு திரும்பிய அம்மா, தினமும் காலையில் அதற்கு ஐந்தடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிப்பார். முதல் நாள் நடுவில் இருந்த பெரிய தேதி எண் மட்டும் தெரிந்தது. நான்காம் நாள் கிழமை தெரிந்தது. பத்தாம் நாள் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று அடிவரி வரைக்கும் படித்துவிட்டார். ஐந்தாவது வாரத்தில் ஒரு காலை, "இன்றைக்கு ராகு காலம் தெரியவில்லையே" என்றார். அச்சு மங்கலாக இருக்கும் என்று நான் சொன்னேன். மூன்று நாள் அப்படியே கழிந்தது. நான்காம் நாள் தேதிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

அறுவை செய்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். "கொஞ்சம் மங்கலாக இருக்கிறதாம்" என்று சொன்னேன். பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அன்றைக்கு வாருங்கள் என்று பதில் வந்தது. "நன்றாகத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் இந்த வழிகாட்டி முழுவதும்.

கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை மெதுவாக ஏறலாம். சில நாள் ஏறாமல் நிற்கலாம். ஏறிய பார்வை இறங்கக் கூடாது. இறங்கினால், எத்தனையாவது நாளில் இறங்கியது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். நான் மருத்துவர் அல்ல. அம்மாவின் இரண்டு கண்களுக்கும் சித்தப்பாவின் ஒரு கண்ணுக்கும் துணையாக அலைந்து, மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் படி: அறுவைக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

அறுவைக்குப் போகும் முன், "விழித்திரை எப்படி இருக்கிறது?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். புரை கெட்டியாக இருந்தால் பின்னால் இருக்கும் விழித்திரை சரியாகத் தெரியாது. அப்போது ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். சர்க்கரை நோய், கண் நீர் அழுத்த நோய், சிறு வயதிலிருந்தே அதிக மைனஸ் பவர் கண்ணாடி, பழைய கண் அடி, புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் போன்ற மாத்திரை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை அறுவையின்போது கண்ணின் நடுவில் ஒளி நுழையும் துளையான பாப்பாவைச் சுருங்க வைத்து வேலையைக் கடினமாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அறுவை முடிந்ததும் லென்ஸ் அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே வைத்த லென்ஸின் வகையும் பவரும் அதில் ஒட்டப்பட்டிருக்கும். பத்து வருடம் கழித்து லென்ஸ் நகர்ந்தாலும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் இரவு நேர அவசர எண் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் ஒரு காலண்டர், ஒரு நாற்காலி, தரையில் ஒரு சாக்பீஸ் கோடு. ஒரே தொலைவு, ஒரே வெளிச்சம், ஒவ்வொரு கண்ணாக. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடும். கண்ணை மூடும்போது அழுத்தக் கூடாது.

இரண்டாம் படி: முதல் மூன்று நாட்கள்

மணல் விழுந்தது போன்ற உறுத்தல், கண்ணீர், வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம் எல்லாம் இருக்கும். பாப்பாவை விரிக்கும் மருந்தின் வேகம் அடங்கும் வரை அருகில் இருப்பது மங்கலாகவே தெரியும். சிலருக்கு வெள்ளை வேட்டிகூட நீலம் போட்டுத் துவைத்தது போலத் தெரியும். பல வருடம் மஞ்சளேறிய பழைய லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழகிய மூளை, தெளிந்த லென்ஸுக்குப் பழக நேரம் எடுத்துக்கொள்வதால் வருவது அது. தானே சரியாகும்.

கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கருவிழியின் வீக்கமும் இந்த நாட்களில் வரும். புரை முற்றிக் கல்லாக இருந்தால் அதை உடைக்க அதிக ஆற்றல் தேவைப்படும், கருவிழியின் உள்ளடுக்கு அந்த அளவுக்குக் களைத்துப்போகும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: காலையில் எழுந்ததும் பனி மூட்டமாக இருக்கும், மாலைக்குள் கொஞ்சம் தெளியும். இரவு முழுவதும் இமை மூடியிருப்பதால் நீர் வடியாது. பகலில் காற்றுப் பட்டு வடியும். ஸ்டீராய்டு சொட்டும் அடர்ந்த உப்புச் சொட்டும் கொடுப்பார்கள், பெரும்பாலும் நாட்களிலோ சில வாரங்களிலோ வடிந்துவிடும். மாதக்கணக்கில் வடியாமல் நின்றால் கருவிழியின் உள்ளடுக்கை மட்டும் மாற்றும் அறுவை இருக்கிறது.

இன்னொன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அறுவை நடந்த அன்று இரவு நெற்றியும் கண்ணும் சேர்ந்து வலித்து வாந்தியும் வந்தால், வீட்டில் எல்லோரும் சொல்வது "வெறும் வயிற்றில் இருந்ததால் பித்தம்". சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினாலும் வாந்தி வரும். அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் ஜெல் கொஞ்சம் தங்கிவிட்டால் முதல் நாளிலேயே அழுத்தம் ஏறலாம். டிமோலால் சொட்டு, அசெட்டாசோலமைடு மாத்திரை, தேவைப்பட்டால் காயத்தின் ஓரத்திலிருந்து துளி நீரை வெளியேற்றுவது என்று மருத்துவர் அழுத்தத்தை இறக்கிவிடுவார். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவு எண்ணுக்குப் பேசுங்கள்.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஓட வேண்டிய நேரம்

இந்தக் கட்டத்தின் பயம் கண்ணுக்குள் கிருமித் தொற்று. அரிதுதான். அறுவை முடியும்போது கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்தும் வழக்கம் வந்த பிறகு இன்னும் குறைந்திருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் செய்த சுமார் 20 லட்சம் அறுவைகளின் பதிவுகளைப் பார்த்தபோது, இந்த ஊசி இல்லாதவர்களில் 10,000 பேருக்கு 7 என்றிருந்த தொற்று, ஊசி போட்டவர்களில் 2 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவராக உங்கள் வீட்டுப் பெரியவர் இருந்தால், ஒவ்வொரு மணி நேரமும் பார்வையின் விலை.

பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் நன்றாக இருந்த கண் திடீரென்று வலிக்கும், சிவக்கும், இமை வீங்கும், பார்வை சரசரவென்று இறங்கும். கருவிழிக்குப் பின்னால் கீழே வெள்ளையாகச் சீழ் தேங்கி நிற்பது சில நேரம் வெளியிலிருந்தே தெரியும். வலி எல்லோருக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. வலியில்லாமல் பார்வை மட்டும் இறங்கினாலும் அன்றைக்கே போக வேண்டும்.

முதலில் அறுவை செய்த இடத்துக்கே போங்கள். உங்கள் கண்ணின் விவரம் அவர்களிடம்தான் இருக்கிறது. அங்கே விழித்திரை மருத்துவர் இல்லையென்றால் நேரத்தைக் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சென்னையில் அதற்குக் குறைவில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. நுங்கம்பாக்கத்தில் 1978ல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா இருக்கிறது. டிஸ்சார்ஜ் தாள், லென்ஸ் அட்டை, போட்டுக்கொண்டிருக்கும் சொட்டு மருந்துப் புட்டிகள் மூன்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.

அங்கே கண்ணுக்குள்ளிருந்து துளி நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் வான்கோமைசின், செஃப்டசிடைம் ஆகிய மருந்துகளை நேராகக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்துவார்கள். கண்ணுக்குள் ஊசி என்றதும் பெரியவர்கள் நடுங்கிப்போவார்கள். மரத்துப்போகச் செய்துதான் போடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெளிச்சம் மட்டுமே தெரியும் அளவுக்குப் பார்வை போயிருந்தால், கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றிச் சுத்தம் செய்யும் அறுவையை உடனே செய்வார்கள்.

அறுவைக்கு அடுத்த நாளே, அதிக வலியில்லாமல் கருவிழி முழுவதும் ஓரத்திலிருந்து ஓரம் வரை மங்கிப்போனால் அது கிருமியில்லாத நச்சு அழற்சியாகவும் இருக்கலாம். அதற்குத் தீவிர ஸ்டீராய்டு சொட்டு. எது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஓட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சொட்டு மருந்து போடும் முறையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் மருந்து கன்னத்தில்தான் வழிகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பால் போல வெள்ளையாக இருக்கும் பிரெட்னிசலோன் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, வெறும் நீர்தான் விழும். பெரியவரைப் படுக்க வையுங்கள். கீழ் இமையை விரலால் மெதுவாகக் கீழே இழுத்தால் சிறு பை போலக் குழியும்; அதில் ஒரு துளி. புட்டி முனை இமையிலோ இமை முடியிலோ படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் ஒரு நிமிடம் லேசாகத் தொட்டுப் பிடித்திருந்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், தேன், நந்தியாவட்டைப் பூ எதுவும் இந்தக் கண்ணுக்கு வேண்டாம். எவ்வளவு அன்போடு கொண்டு வந்து கொடுத்தாலும் வேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் மருத்துவர் சொல்லும் நாள் வரை தள்ளிப் போடுங்கள்; சென்னைப் புழுக்கத்தில் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கும், அதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.

நான்காம் படி: நான்காம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை

அம்மாவுக்கு ராகு காலம் மறைந்தது இந்தக் கட்டத்தில்தான். வலி இல்லை, சிவப்பு இல்லை, கண் பளிச்சென்று இருந்தது. அதனால்தான் நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோம். விழித்திரையின் நடுப்பகுதியில், எழுத்தைப் படிக்கவும் முகத்தை அறியவும் உதவும் அந்தச் சிறு இடத்தில், அறுவையால் கிளம்பிய அழற்சியின் காரணமாக நீர் கோத்துக்கொள்கிறது. பெரும்பாலும் நான்கு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் வரும், ஆறாவது வாரத்தையொட்டி அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு வாய்ப்புக் கூடுதல். அம்மாவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை.

வீட்டில் சோதிக்க எளிய வழி ஜன்னல் கம்பி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பிகளைப் பாருங்கள். நேரான கம்பி நடுவில் வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் ஏதோ இருக்கிறது. அம்மா அன்றைக்கு, "கம்பி நடுவில் இடுப்பு ஒடிந்தது போல இருக்கிறது" என்றார்.

உறுதி செய்ய ஓசிடி என்ற ஸ்கேன் எடுப்பார்கள். தாடையை வைத்து ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், தொடுவதுகூட இல்லை. மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். விழித்திரை அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. நடுவில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாகி, அதற்குள் கறுப்புக் குமிழ்கள் இருந்தன. தேன்கூட்டை வெட்டி வைத்தது போல இருந்தது.

சிகிச்சை பெரும்பாலும் சொட்டு மருந்துதான்: பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும், நெபாஃபெனாக் போன்ற ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்தும் சேர்த்து வாரக்கணக்கில். அதற்கு அடங்காவிட்டால் கண்ணின் பக்கவாட்டிலோ உள்ளேயோ ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரையால் ஏற்பட்ட வீக்கமும் கலந்திருந்தால் வேறு வகை ஊசிகள். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் வடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு ஒன்பது வாரம் ஆனது. நாற்காலியை அதே சாக்பீஸ் கோட்டில் போட்டு எமகண்டம் வரைக்கும் படித்த அன்று, அவர் எழுந்து போய்த் தாளைக் கிழிக்காமல் அதையே இரண்டு முறை படித்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஸ்டீராய்டு சொட்டு சிலருக்குச் சில வாரங்களில் கண் அழுத்தத்தை ஏற்றும். வலியே இருக்காது, ஆனால் கண் நரம்பு தேயும். "போன முறை எழுதிக் கொடுத்ததுதானே" என்று பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் திரும்பத் திரும்ப வாங்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, போட்டதும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: ஊசித்துளைச் சோதனையும் கண்ணாடியும்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஊக்கால் ஒரு சிறு துளை போடுங்கள். மங்கிய கண்ணுக்கு நேரே பிடித்து அந்தத் துளை வழியாகக் காலண்டரைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால், குறை பெரும்பாலும் பவர் சம்பந்தப்பட்டது, கண்ணாடியால் தீரும். துளை வழியாகவும் தெளியவில்லையென்றால் கருவிழியிலோ, லென்ஸைத் தாங்கும் உறையிலோ, விழித்திரையிலோ காரணம் இருக்கக்கூடும். புதுக் கண்ணாடிக்குச் செலவு செய்யும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணாடி நான்கு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் எழுதுவார்கள், காயம் ஆறி பவர் நிலைக்க வேண்டும். தூரப் பார்வைக்கு மட்டும் பவர் உள்ள சாதாரண லென்ஸ் வைத்தவர்களுக்குப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுவது குறையல்ல. சிலிண்டர் பவரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் உள்ளே திரும்பிவிட்டால் அதைச் சரியான கோணத்துக்குத் திருப்பி வைக்கலாம்.

ஆறாம் படி: மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் மங்கல்

"மறுபடியும் புரை வளர்ந்துவிட்டது" என்பார்கள். எடுத்த புரை மீண்டும் வளராது. நுங்கை விரலால் தோண்டி எடுத்த பிறகு காயில் குழி நிற்பதைப் போல, உள்ளே இருக்கும் புரையை எடுத்துவிட்டு அதன் மெல்லிய உறையை மட்டும் விட்டு வைக்கிறார்கள். அந்தப் பைக்குள்தான் புது லென்ஸ் உட்காருகிறது. உறையில் ஒட்டியிருக்கும் சில செல்கள் மெல்லப் பெருகிப் பின்பக்க உறையில் படர்ந்தால் பார்வை மங்கும். அறுவைக்குப் பின் வரும் மங்கல்களில் மிகச் சாதாரணமானதும், மிக எளிதாகத் தீர்வதும் இதுதான்.

அம்மாவுக்கு அதே வலது கண்ணில் மூன்று வருடம் கழித்து வந்தது. கபாலீசுவரர் கோயிலில் தீபாராதனை காட்டும்போது சுடரைச் சுற்றி வட்டம் வட்டமாக ஒளி சிதறுவதாகச் சொன்னார். இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு பொறுக்க முடியவில்லை. பகலில் எல்லாம் பால் கலந்த தண்ணீர் வழியாகப் பார்ப்பது போல இருந்தது.

இதற்கு யாக் லேசர். பாப்பாவை விரித்து, சொட்டு மருந்தால் மரக்கச் செய்து, ஒரு சிறு லென்ஸைக் கண்ணில் வைத்துப் பிடித்துக்கொண்டு, உறையின் நடுவில் ஒரு ஜன்னல் திறக்கிறார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை, கட்டு இல்லை. "டிக், டிக் என்று சத்தம் மட்டும் கேட்டது, சிவப்பு வெளிச்சம் தெரிந்தது, முடிந்தது என்றார்கள்" என்று அம்மா சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்து அனுப்பினார்கள். சில நாள் பூச்சி பறப்பது போலத் தெரியும், அது அடங்கும்.

ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். தூரம், அருகு இரண்டுக்கும் சேர்த்து வைத்த மல்டிஃபோகல் லென்ஸ் பிடிக்கவில்லை, மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் லேசருக்கு முன்பே முடிவெடுங்கள். உறையில் ஜன்னல் திறந்த பிறகு லென்ஸை மாற்றுவது கடினம்.

ஏழாம் படி: மின்னலும் திரையும்

சித்தப்பாவுக்கு இளவயதிலிருந்தே தடித்த மைனஸ் கண்ணாடி. புரை அறுவை முடிந்து எட்டு மாதம் கழித்து, இருட்டில் கண் ஓரத்தில் மின்னல் வெட்டுவதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து மிளகைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். மறுநாள் மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்புத் திரை ஒன்று மெல்ல மேலேறியது. விழித்திரை கிழிந்து பிரிந்திருந்தது.

மின்னல், திடீர்ப் புள்ளிக் கூட்டம், திரை இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றே பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிசல் மட்டும் என்றால் லேசர் போட்டு அடைத்துவிடலாம். பிரிந்துவிட்டால் பெரிய அறுவை: உள்ளிருக்கும் கூழை அகற்றி வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவார்கள், அல்லது கண்ணைச் சுற்றி வெளிப்புறம் ஒரு பட்டை வைப்பார்கள். நடுப்பகுதி பிரிவதற்குள் செய்தால் பார்வை நன்றாகத் திரும்பும். சித்தப்பா நாட்கணக்கில் குப்புறக் கவிழ்ந்தே இருந்தார். தலையணையில் நெற்றியை முட்டுக்கொடுத்து, சாப்பாடு தவிர மற்ற நேரமெல்லாம். வாயு உள்ளே இருக்கும் வரை விமானப் பயணம் கூடாது, மேலே போகப் போக வாயு விரிந்து அழுத்தம் ஏறும். கண்ணில் வாயு இருப்பதை மற்ற மருத்துவர்களிடமும், குறிப்பாக மயக்க மருந்து கொடுப்பவரிடம், சொல்ல வேண்டும்.

எட்டாம் படி: லென்ஸ் நகர்ந்தால், ஒளி உறுத்தினால்

ஒன்று இரண்டாகத் தெரிவது, லென்ஸின் விளிம்பு கோடாகத் தெரிவது, தலையை ஆட்டினால் காட்சி ஆடுவது ஆகியவை லென்ஸ் நகர்ந்ததன் அடையாளங்கள். அடி பட்டவர்களுக்கும், உறையைத் தாங்கும் நுண்ணிழைகள் பலவீனமானவர்களுக்கும் வருகிறது. மறுபடி நிலைநிறுத்தலாம், அல்லது மாற்றலாம். உறையே இல்லாத கண்ணில் லென்ஸின் கைகளை விழிவெள்ளைக்குள் செருகி உயிரியல் பசையால் ஒட்டும் முறையை 2007ல் சென்னையிலேயே டாக்டர் அமர் அகர்வால் செய்து காட்டினார்; இன்று பல நாடுகளில் செய்கிறார்கள்.

காது பக்கத்து ஓரத்தில் பிறை போன்ற நிழலோ, விளக்கைப் பார்த்தால் ஒளிக்கீற்றோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். லென்ஸின் விளிம்பால் வருவது அது. பெரும்பாலோருக்கு மாதங்களில் மறந்துபோகும். ஆனால் நிழல் பெரிதாகிக்கொண்டே போனால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

கண் வறட்சியைப் பலரும் பெரிதாக எண்ணுவதில்லை. படித்துக்கொண்டே இருக்கும்போது மங்கி, இரண்டு முறை இமைத்தால் தெளிந்தால் அது வறட்சி. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, முகத்துக்கு நேரே ஏசிக் காற்றும் மின்விசிறியும் படாமல் கட்டிலைத் திருப்பிப் போடுவது, கொசுவர்த்திச் சுருள் புகையை அந்த அறையிலிருந்து நீக்குவது, இவை போதும்.

ஒன்பதாம் படி: இரண்டாவது கண்

முதல் கண்ணில் என்ன நடந்ததோ அதை இரண்டாவது கண்ணுக்கான முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள், வேறு மருத்துவர் செய்வதாக இருந்தால் கட்டாயம். அம்மாவின் இடது கண்ணுக்குப் போனபோது வலது கண்ணின் ஓசிடி படங்களையும் கொண்டு போனோம். மருத்துவர் சர்க்கரை அளவைச் சீராக்கச் சொல்லி ஆறு வாரம் தள்ளி வைத்தார். நெபாஃபெனாக் சொட்டை அறுவைக்கு முன்பே தொடங்கி, பிறகும் பல வாரம் நீட்டினார். நான்காம் வாரத்தில், எந்தக் குறையும் சொல்லாதபோதே ஓசிடி எடுத்துப் பார்த்தார். நடுவில் இருக்க வேண்டிய பள்ளம் பள்ளமாகவே இருந்தது. அதற்குப் பிறகும் அம்மா நாற்காலியை எடுக்கவில்லை. காலையில் காப்பிக்கு முன் வலது கண், இடது கண் என்று தனித்தனியாக அடிவரி வரைக்கும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் முந்தைய நாள் தாளைக் கிழிக்கிறார்.